ஊருக்குப் போகையில் பின்னல் ஊசியையும் கொண்டு போகலாமா?

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஓகஸ்ட் மாதம் முழுவதும் கணவர், இரண்டு பிள்ளைகளோடு கிளிநொச்சிப் பக்கம் மாமி வீட்டில் நிற்கப் போகிறாராம். கம்பளிப் பின்னல் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. ஊசியை விமானத்தில் விடுவார்களா, அந்த வெக்கையில் கம்பளி நூலைக் கையில் பிடிக்க முடியுமா, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகள் ஊசியும் நூலுமாக இருந்தால் சனம் என்ன நினைக்கும் என்பவை அவருடைய கேள்விகள். "ஒரு மாதம்தானே, இங்கேயே வைத்துவிட்டு வா" என்று கணவர் சொல்கிறாராம். மூன்று கேள்வியாக வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: சொந்தபந்தத்தோடு இருக்கவென்று போகிற ஒரு மாதத்தில் இந்தக் கைவேலை என்னை அவர்களிடமிருந்து பிரித்துவிடுமா? கிளிநொச்சியில் பெண்களுக்குத் தையலும் பின்னலும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து வருகிறவள் நான். பிரிக்காது, சகோதரி, கட்டாயம் கொண்டு வாருங்கள். ஆனால் எந்த வேலையைக் கொண்டு வருகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விமான நிலையத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா மூன்றின் பாதுகாப்பு விதிகளும் பின்னல் ஊசியைக் கைப்பையில் கொண்டு போக அனுமதிக்கின்றன. கத்தரிக்கோலில்தான் கவனம் வேண்டும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அலகு 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது; அமெரிக்காவில் திருகாணியிலிருந்து நுனி வரை 4 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். கழுத்தில் தொங்கவிடுகிற வட்டமான நூல்வெட்டிக்குள் பிளேட் இருப்பதால் அமெரிக்கச் சோதனையில் அதைக் கைப்பையில் விடமாட்டார்கள். நூல் அறுக்க ஒரு நகவெட்டி போதும். இவ்வளவும் உறுதியானவை. உறுதியில்லாதது மனிதர்: விதி எதுவானாலும் சோதனை மேசையில் நிற்கும் அதிகாரியின் சொல்லே முடிவு. நீங்கள் இடையில் மாறுகிற விமான நிலையத்தில் மறுபடி ஒரு சோதனை. திரும்பி வரும்போது கட்டுநாயக்காவில் வாசலிலேயே பைகளை ஒருமுறை பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே ஊசி பறிபோனாலும் வேலை பறிபோகாதபடி ஒழுங்கு செய்யுங்கள். சோதனைக்குப் போகமுன் தையல் ஊசியில் ஒரு வழுக்கலான நூலைக் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளாலும் இழுத்து விடுங்கள். அதன் பிறகு ஊசியை உருவச் சொன்னால் உருவிக் கொடுக்கலாம், ஒரு கண்ணியும் அவிழாது. நல்ல ஊசிகள் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் மலிவான மூங்கில் வட்ட ஊசி, அதாவது இரண்டு நுனிகளை வளைகிற கம்பியால் இணைத்த ஊசி, ஒன்று போதும். நீளமான நேர் ஊசிகளை விமானத்துக்கும் எடுக்க வேண்டாம், வான் வண்டிக்கும் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் விலாவில் குத்தும். வட்ட ஊசியில் வேலையின் பாரம் மடியில் கிடப்பதால் மணிக்கட்டுக்கும் சுகம்.

இனி வெக்கை. ஓகஸ்டில் வன்னி காய்ந்து கிடக்கும். மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். பகலில் 33, 34 பாகை சாதாரணம், அதோடு சோளகக் காற்று செம்மண் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டும். கம்பளி நூலுக்கு இந்த வெயிலால் ஒன்றும் ஆகாது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த உணர்வு தராத நூல் அது. ஆனால் சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் கம்பளி சடைபிடிக்கும். வியர்த்த கையில் மணிக்கணக்காக உருளும்போது நடப்பது அதுதான். அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு. வியர்வை விரலிலும் ஊசியிலும் நின்று, ஒவ்வொரு கண்ணியும் கீச்சிட்டுக்கொண்டு நகரும். பருத்தி நூல் வியர்வையைக் குடிக்கும், சடைபிடிக்காது, நனைந்தால் இன்னும் பலமாகும். அதன் குறை, இழுவை இல்லாதது. கம்பளியில் பழகிய கைக்கு முதல் இரண்டு நாள் விரல் நோகும், நூல் பிரி பிரியாகப் பிளக்கும். நுனி மழுங்கிய ஊசியை எடுத்தால் பிளப்பது குறையும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வன்னிக்குப் பருத்திதான். ஊசி மூங்கிலா உலோகமா என்பதில் பின்னுகிறவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வியர்வையில் மூங்கில் ஒட்டுகிறது என்பது என் அனுபவம். அதனால் வகுப்பில் அலுமினிய ஊசியைத்தான் கொடுப்பேன். நூல் தளர்வாகப் பிடிக்கிறவர்களுக்கு மூங்கிலின் அந்தப் பிடிமானமே நல்லதாகவும் படலாம்.

நிறத்திலும் ஒரு சொல். வெள்ளை வேண்டாம், புழுதி தெரியும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், பின்னேரம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. மஞ்சள், இளம்பச்சை, காவி மாதிரி நடுத்தரமான நிறம் எடுங்கள். நூல் உருண்டையை வாய் இறுக்கும் துணிப்பைக்குள் வைத்து, நூல் மட்டும் வெளியே வரட்டும். முற்றத்தில் உருண்டை உருண்டால் கோழி பார்த்துக்கொண்டிருக்காது.

என்ன பின்னுவது என்பதற்கு வருகிறேன். நீங்கள் கேட்காத கேள்வி இது, ஆனால் எனக்கு முக்கியம். ரொறன்ரோவில் பிள்ளைகள் படுத்தபிறகு தனியாக இருந்து பின்னுகிற சிக்கலான லேஸ் சால்வையை இங்கே கொண்டுவந்தால், வரி எண்ணிக்கொண்டிருக்கும்போது சின்னம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டீர்கள். சொன்னால் எண்ணிக்கை தவறும், தவறினால் முகம் மாறும். ஊரில் ஒரு வரி முழுவதும் இடைஞ்சல் இல்லாமல் பின்னி முடிக்கிற நாள் வராது. வாசலில் யாராவது படலையைத் திறப்பார்கள், தேத்தண்ணி வரும், பிள்ளை கிணற்றடிக்கு ஓடும். பெரிய போர்வை வேலையும் சரிவராது; அந்த வெக்கையில் அதை மடியில் போட்டுக்கொண்டு இருக்க ஏலாது. வேண்டியது சின்ன வேலை. வரியின் நடுவிலும் கீழே வைக்கக்கூடியதாக, திரும்ப எடுக்கும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

அப்படியான ஒன்றைச் சொல்கிறேன். 4 மில்லிமீற்றர் ஊசியில், நடுத்தரப் பருமனான பருத்தி நூலில் 4 கண்ணி போட்டு ஒரு வரி பிளேனாக, அதாவது சாதாரண நேர்க் கண்ணியாகப் பின்னுங்கள். அடுத்த வரியிலிருந்து எல்லா வரியும் ஒரே மாதிரித்தான்: முதல் 2 கண்ணியைப் பின்னி, நூலை ஊசிக்கு மேலால் ஒருமுறை சுற்றி, மிச்சத்தைப் பிளேனாகப் பின்னுங்கள். வரிக்கு ஒரு கண்ணி கூடிக்கூடி மூலையிலிருந்து முக்கோணமாக விரியும். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு வேலைப்பாடு தானாக வரும். ஊசியில் 56 கண்ணி சேர்ந்ததும் குறைக்கத் தொடங்குங்கள்: 1 கண்ணி பின்னி, 2 கண்ணியை ஒன்றாகப் பின்னி, நூலைச் சுற்றி, மறுபடி 2 கண்ணியை ஒன்றாகப் பின்னி, மிச்சம் பிளேன். திரும்ப 4 கண்ணியில் வந்து நிற்கும்போது, பக்கம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உள்ள சதுரம் கையில் இருக்கும். 50 கிராம் உருண்டையில் கிட்டத்தட்ட இரண்டு வரும். விரிகிறதா, ஒடுங்குகிறதா என்று பார்த்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு எழும்பலாம். ஒரு சதுரம் பாத்திரம் கழுவ, இரண்டை வைத்துத் தைத்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்க. மாமியின் குசினியில் அன்றைக்கே பாவனைக்கு வந்துவிடும்.

இந்தச் சட்டி பிடிக்கிற துணியை ஒருபோதும் அக்ரிலிக்கில் பின்னாதீர்கள். பருத்தி கருகும், அக்ரிலிக் உருகும். உருகியது தோலில் ஒட்டும். இதையே குழந்தைகளுக்குப் பின்னுகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லுவேன். ஊருக்கு வருகிறவர்கள் புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குத் தொப்பியும் மேசும் பின்னிக் கொண்டுவருவது வழக்கம். எங்கள் வீடுகளில் பிள்ளையை முழுக வார்த்துத் துடைத்து, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவார்கள். அந்தத் தணலுக்குக் கிட்ட அக்ரிலிக் தொப்பி வேண்டவே வேண்டாம். கம்பளி நெருப்பை லேசில் பிடிக்காது, பிடித்தாலும் பெரும்பாலும் தானாக அணையும். ஆனால் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு உறுத்தும். எனவே பருத்தி. பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வருகிற கைக்கு 72 கண்ணி போட்டு, இரண்டு பிளேன், இரண்டு பேர்ல் (பிளேனின் மறுபக்கக் கண்ணி) என்று வட்டமாகப் பின்னினால் அளவாகப் பிடிக்கும். 12 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும், 72 கண்ணியையும் 9 கண்ணிப்படி எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு வரி விட்டு ஒரு வரி ஒவ்வொரு பங்கிலும் ஒரு கண்ணி குறைத்துக்கொண்டு போகலாம். நாடி நாடா, பொத்தான் எதுவும் வைக்காதீர்கள். கழுத்தில் சுற்றவும் வாய்க்குள் போகவும் கூடியவை அவை. கொடுக்கும்போது தாயிடம் சொல்லுங்கள்: குளித்த கையோடு கொஞ்ச நேரத்துக்கும் மார்கழிப் பனிக்கும்தான் தொப்பி, நித்திரையில் வேண்டாம். வெக்கையில் பிள்ளையின் உடம்புச் சூடு தலையால்தான் நன்றாக வெளியேறும்.

சனம் என்ன நினைக்கும்? இதில் சட்டமாக ஒன்றும் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் நான் கண்டது இது. கை வேலை செய்துகொண்டு கதைப்பது எங்களுக்குப் புதிதில்லை. மன்னார்ப் பக்கத்திலும் வன்னி முழுவதிலும் பனையோலையில் பெட்டியும் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் பாயும் இழைக்கிற பெண்கள் கதைத்துக்கொண்டுதான் இழைப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களும் அப்படித்தான். கண் எதிரில் இருக்கிறவரில் இருக்கும், விரல் தன்பாட்டில் போகும். அதனால் பின்னல் ஊசியை மரியாதைக் குறைவாக யாரும் எடுப்பதை நான் கண்டதில்லை. மனம் நோவது ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டும்போதுதான். ஊசியோடு இருக்கிற மருமகளுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு அம்மம்மா வந்து இருப்பார், கேட்காமலே துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஓலை இழைத்த கை, முதலில் தேடுவது ஓரம் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

வைக்கவேண்டிய இடங்களும் இருக்கின்றன. போய் இறங்கிய முதல் நாளும், ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போதும் பையைத் திறக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் உங்களைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினால் கையை மடியில் வைத்து இரண்டு வார்த்தை கேளுங்கள், பிறகு எடுக்கலாம். தேத்தண்ணி நீட்டும்போது வேலை கீழே. செத்த வீட்டிலும் அந்தியேட்டி வீட்டிலும் ஊசியை எடுப்பதில்லை. இன்னொன்று, வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். சில வீடுகளில் மாலை போடாத படம் இருக்கும், அவர் வருவார் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு அது. அந்தப் படத்தைக் காட்டி 2009ஆம் ஆண்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பின்னலைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் சிலருக்குக் கதை வரும் என்பதும் உண்மை. ஆனால் அது கதைக்கிறவரின் கை வேலைக்கு உரியது. கேட்கிறவரின் கை சும்மா இருக்கவேண்டும்.

உங்கள் மச்சாள்மாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பழக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். அதற்கென்று 5 மில்லிமீற்றர் ஊசி இரண்டு மூன்று சோடியும், ஐந்தாறு உருண்டை நூலும் கூடுதலாகக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பான்சிக் கடைகளில் அக்ரிலிக் நூலும் குரோஷே நூலும் பார்க்கலாம். நல்ல பருத்திப் பின்னல் நூலையும் வட்ட ஊசியையும் இங்கே வந்து தேடலாம் என்று நம்பி வரவேண்டாம். 4 மில்லிமீற்றர் இருக்க 5 ஏன் என்றால், ஓலை இழைத்துப் பழகியவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்குவார்கள். ஓலை வேலையில் இறுக்கினால்தான் பெட்டி நிற்கும். பின்னலில் இறுக்கினால் அடுத்த வரிக்கு ஊசி நுழையாது. "இறுக்காதேங்கோ" என்று எத்தனை தரம் சொன்னாலும் பழகிய கை கேட்காது. பருமனான ஊசியைக் கொடுத்தால் சொல்லாமலே கண்ணி தளரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பேர்ல் சொல்லிக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். பிளேன் மட்டுமே தெரிந்தாலும் மேலே சொன்ன சதுரம் வந்துவிடும்.

ஊசி இலக்கத்தில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே அறிந்து வையுங்கள். பழைய பெரியம்மாமாரிடம் இருக்கும் ஊசிகளும் பழைய புத்தகங்களும் ஆங்கிலேய இலக்கத்தில் இருக்கும். அதில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25. நீங்கள் அங்கே பார்க்கிற அமெரிக்க இலக்கத்தில் கூடக்கூட ஊசி பருக்கும்: 8 என்றால் 5 மில்லிமீற்றர், 10 என்றால் 6. இரண்டு பேரும் "எட்டாம் நம்பர்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு அளவில் தொப்பி பின்னுவீர்கள். மில்லிமீற்றரில் மட்டும் கதையுங்கள்.

பயணத்தில் பின்ன நிறைய நேரம் கிடைக்கும். கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சிக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். வவுனியா தாண்டினால் ஏ9 வீதி நேராகத்தான் போகிறது, தலைசுற்று இல்லாதவர்கள் தாராளமாகப் பின்னலாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்கும், இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்குவீர்கள். அதற்கு முன் வேலையைப் பைக்குள் வையுங்கள்; கச்சான் தோல் நூலுக்குள் போனால் எடுத்து முடியாது. ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. குடும்பமாகப் போய் மரங்களின் கீழ் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களாக இருந்தால், பூசை தவிர்ந்த பகல் பொழுதுகளுக்கு இந்தச் சதுரங்கள் நல்ல துணை. பொழுதுபட்டால் நுளம்பு, அதோடு நிறுத்திவிடுங்கள். இடைக்கிடை கையை உதறி விரலை நீட்டி மடக்குங்கள். விரல் விறைக்கிறது, மணிக்கட்டு நோகிறது என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தொடர்ந்து இருந்தால் அது வைத்தியரிடம் காட்டவேண்டிய விடயம், தையல் ரீச்சரிடம் கேட்டுத் தீராது.

திரும்பும்போது இரண்டு காரியம். கம்பளி நூல் ஏதும் கொண்டு வந்திருந்தால், ஊரில் இருக்கிற நாள் முழுவதும் அதை இறுக்கமாக மூடும் பொலித்தீன் பையில் வையுங்கள். கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சிப் புழுவுக்கு அலுமாரி நல்ல இடம். காய்ந்த வேப்பிலை போடுவது எங்கள் வழக்கம், நானும் போடுவேன், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கமாட்டேன். ரொறன்ரோவில் இறங்கியதும் அந்தப் பையை அப்படியே சில நாள் ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மற்ற நூல்களோடு சேர்க்கவேண்டும். மற்றது, மாமி ஆசையாக ஓலைப்பெட்டியும் நீத்துப்பெட்டியும் தந்துவிடுவார். அவை தாவரப் பொருட்கள் என்பதால் கனடாவில் இறங்கும்போது சுங்கத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். ஒளிக்க வேண்டாம், சொல்லிவிட்டுக் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்ததாக, மண்ணும் பூச்சியும் இல்லாததாகப் பார்த்து, வெயிலில் ஒரு நாள் போட்டுத் தட்டி எடுத்து வையுங்கள்.